பிரிகூடம்: பள்ளிக் கட்டடத்துக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

தேவைக்கேற்பப் பிரிக்கவும் சேர்க்கவும் கூடிய வகுப்பறையான 'ஃபிளெக்சிபிள் கிளாஸ்ரூம்' என்பதற்குத் தமிழ்ச் சொல்லாக, நம் குழுவில் ஐயா முன்மொழிந்த 'நெகிழ்வுக் கற்றல் வெளி' எனக்கு ஒப்பவில்லை. மெழுகு நெகிழலாம், மனம் நெகிழலாம். கட்டடம் நெகிழ்ந்தால் பொறியாளரைத்தான் பிடிப்பார்கள்.

கடலூர்ப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியின் புதுக் கட்டடத்துக்கு வேலைக் குறிப்பைத் தமிழில் எழுதிவருகிறோம். முதல் இரண்டு வகுப்புகளும் சேர்ந்து உட்கார ஒரே பெரிய அறை வேண்டும். வேண்டும்போது அதுவே இரண்டாகவும் வேண்டும். இதைப் 'பிரிகூடம்' என்கிறேன். உண்பதும் உறங்குவதும் படிப்பதும் விருந்தும் நடக்கும் இடத்தை நம் வீடுகளில் கூடம் என்றுதான் சொன்னோம். வினைத்தொகை என்பதால் பிரிந்த, பிரிகிற, பிரியும் என மூன்று காலமும் அடக்கம். தயவுசெய்து நடுவில் 'க்' போட்டுவிடாதீர்கள்.

பிள்ளைகள் தாமே செய்து கற்கும் செயல்வழிக் கற்றல் முறை 2007-08இல் தமிழகம் முழுக்கப் பரவியபோது உடன் வந்த 'கம்பிப் பந்தல்', 'கீழ்மட்டக் கரும்பலகை' இரண்டும் பொருளைக் கண்ணால் கண்டவர் வைத்த பெயர்கள். முன்னது, பிள்ளைகள் வரைந்த தாள்களைத் தொங்கவிடத் தலைக்கு மேலே கட்டிய கம்பிகள். பின்னது, தரையில் உட்கார்ந்தபடியே கை எட்டும் உயரத்தில் சுவரோடு ஓடும் கறுப்புப் பட்டை. பிரிகூடத்தில் நடுச்சுவரே இல்லையே! தடுப்பின் அடிப்பாகத்தில் கரும்பலகை வண்ணம் பூசிவிடலாம். கம்பிகளைத் தடுப்பு ஓடும் தடத்துக்கு இணையாகத்தான் கட்ட வேண்டும். குறுக்கே கட்டினால் இழுத்து மூடும்போது அத்தனை படங்களும் கீழே வரும். தடுப்பு கூரைவரை எட்டியாக வேண்டும். இல்லையேல் இங்கே கதை நடக்கும்போது அங்கிருந்து வாய்ப்பாடு வரும்.

தடுப்புக்குப் புதுச்சேரி நண்பர் சொன்ன 'மடக்குத் தட்டி' நல்ல சொல்தான். ஆனால் தட்டி என்றதும் கீற்று நினைவுக்கு வருகிறது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கீற்றுக் கூரைப் பள்ளியில் 94 பிள்ளைகளைத் தீக்குக் கொடுத்தபின், பள்ளிக் குறிப்பில் கீற்றின் சாயல்கூட வேண்டாம். 'மடக்குக் கதவு' போதும், தச்சருக்கும் புரியும்.

உள்ளூர் முன்மாதிரி கேட்டவருக்கு: புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கோண்ட் விடுதியைப் பாருங்கள். கட்டடக் கலைஞர் அந்தோனின் ரேமண்ட் 1930களில் வடிவமைத்தது. அறைக்கும் தாழ்வாரத்துக்கும் இடையே நகரும் தேக்குக் கதவுகள். வெளிமுகம் முழுக்கத் திருப்பக்கூடிய கிடைப்பலகைகள். உள்கதவுகளை நாங்களும் எடுத்துக்கொள்கிறோம். வெளிமுகத்தை மட்டும் அப்படியே கொண்டுவரத் துணிவில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புகுந்த கரை இது. வெளிச்சுவர் செங்கல்லாகவே இருக்கட்டும்.

கோல்கோண்டின் அந்தக் கிடைப்பலகைகளுக்கு நானே சொல் தேடிக்கொண்டிருக்கிறேன். 'திருப்பு பலகை' என்றால் யாருக்காவது ஆட்சேபணை உண்டா?