மெல்லிய மடிக்கணினியும் வேலூர் வெயிலும்: தொழில் செய்பவர்களின் அனுபவங்கள்

சத்துவாச்சாரி, திருமணக் காணொலித் தொகுப்பாளர்

பதினோரு ஆண்டுகளாகத் திருமணக் காணொலிகளைத் தொகுத்துக் கொடுப்பதுதான் என் தொழில். இப்போதெல்லாம் முந்தின நாள் மாலை நடக்கும் வரவேற்பை இரவோடு இரவாக ஐந்து நிமிடப் படமாகத் தொகுத்து, மறுநாள் தாலி கட்டியதும் மண்டபத்தின் எல்இடி திரையில் போட்டுக் காட்ட வேண்டும் என்று பெண் வீட்டார் கேட்கிறார்கள். நியாயமான ஆசைதான். உறவினர்கள் சாப்பிட்டுக் கிளம்புவதற்கு முன்னால் எல்லோரும் சேர்ந்து பார்க்கக் கிடைப்பது அந்த ஒரு தருணம் மட்டுமே. மண்டபத்துக்குத் தூக்கிச் செல்ல வசதியாக இருக்கும் என்று நம்பி, ஒன்றேகால் லட்ச ரூபாய்க்கு ஒன்றரைக் கிலோ எடையுள்ள ஒரு மெல்லிய மடிக்கணினியை வாங்கினேன். கடையில் குளிரூட்டிய அறையில் ஒரு நிமிடம் ஓட்டிக் காட்டியபோது அது பறந்தது.

காட்பாடிப் பக்கம் ஒரு மண்டபத்தில் வைகாசி முகூர்த்தம். கத்திரி முடிந்திருந்தாலும் வெக்கை அடங்கவில்லை. நம் ஊரைப் பற்றி ‘தண்ணீர் இல்லாத ஆறு, மரமில்லாத மலை’ என்று சொல்வார்கள் அல்லவா, அந்த மரமில்லாத பாறை மலைகள் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவிலும் விட்டுக்கொண்டே இருக்கின்றன. எங்களுக்கு ஒதுக்கிய அறையில் ஏசி இல்லை. நள்ளிரவு தாண்டியும் அறைக்குள் 37 டிகிரி செல்சியஸ் இருந்தது. தொகுத்ததை ஒரே படக் கோப்பாக வெளியே எடுப்பதை எக்ஸ்போர்ட் என்போம். வீட்டில் பன்னிரண்டு நிமிடத்தில் முடிகிற அதே அளவு எக்ஸ்போர்ட் அன்றைக்கு இருபத்தேழு நிமிடம் எடுத்தது. வெப்பத்தைக் காட்டும் மென்பொருளைத் திறந்து பார்த்தேன். கணினியின் மூளையான செயலி (பிராசசர்) 98 டிகிரியைத் தொட்டதும் வேகத்தைக் குறைத்துக்கொண்டது, சற்று ஆறியதும் ஏறியது, மறுபடியும் இறங்கியது. சாப்பாட்டுக் கூடத்திலிருந்து இரண்டு எவர்சில்வர் டம்ளர்களைக் கொண்டுவந்து கவிழ்த்து, அவற்றின் மேல் கணினியின் பின்பக்கத்தைத் தூக்கி வைத்து, மேடைக்கு வைத்திருந்த பெரிய மின்விசிறியை அதன் பக்கம் திருப்பினேன். பத்து நிமிடத்தில் டம்ளரைத் தொட முடியாத அளவுக்குச் சூடேறிவிட்டது.

இதோடு நிற்கவில்லை. அந்தக் கணினியில் இருப்பவை இரண்டு டைப்-சி துளைகள் மட்டுமே. ஒன்று சார்ஜருக்குப் போய்விடும். மெமரி கார்டு, வன்தட்டு, எல்இடி திரைக்கான எச்டிஎம்ஐ ஆகிய எல்லாமே ஒரு துளையைப் பல துளைகளாகப் பிரித்துத் தரும் ஒரு சின்ன ஹப் வழியாகத்தான் போக வேண்டும். மூன்று கேமராக்களின் கார்டுகளை அதில் மாற்றி மாற்றிச் செருகிப் படியெடுத்தபோது ஹப் சூடாகி இரண்டு முறை இணைப்பு அறுந்தது, இரண்டு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. ஆறரை மணிக்குக் கைக்கு வந்திருக்க வேண்டிய படம் ஏழே முக்காலுக்கு வந்தது. தாலி கட்டி, அட்சதை போட்டு, பாதிப் பேர் பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள். பெண்ணின் தந்தை ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. ‘பரவாயில்லை தம்பி, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிறோம்’ என்றார். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். செயலியின் வெப்ப எல்லை ஏறக்குறைய 100 டிகிரி. அது தன் வெப்பத்தைச் சுற்றியுள்ள காற்றில்தான் கொட்ட வேண்டும், எவ்வளவு கொட்ட முடியும் என்பது இரண்டுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது. 25 டிகிரி அறையில் அந்த வித்தியாசம் 75. நம் ஊரில் 40 டிகிரியில் வேலை செய்தால் 60 மட்டுமே. அதே மின்விசிறி, அதே செம்புக் குழாய், ஆனால் வெளியேற்றக்கூடிய வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. தடித்த கணினிக்கும் இதே கணக்குதான் என்றாலும், அதன் மின்விசிறியும் வெப்பத் தகடுகளும் பெரியவை என்பதால் கொஞ்சம் இழந்தாலும் தாங்கும் கையிருப்பு அதற்கு உண்டு. மெல்லியதில் மில்லிமீட்டரைக் குறைப்பதற்காக அந்தக் கையிருப்பை முன்பே எடுத்துவிட்டார்கள். மற்றவர்களுக்கு இப்படி நேர்ந்ததா?

இராணிப்பேட்டை, கட்டமைப்புப் பொறியாளர்

நேர்ந்தது. நீங்கள் சொன்ன கணக்கு சரி, அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பல மெல்லிய கணினிகளில் செயலி 100 டிகிரியைத் தொடுவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுகிறார்கள். மூடி முழுவதும் உலோகமாக இருப்பதால் மடியிலும் விரல் நுனியிலும் சுடக்கூடாது என்று மேற்பரப்பு வெப்பத்துக்கும் ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். அதாவது உள்ளே இன்னும் தெம்பு இருந்தும், வெளியே கை சுடும் என்பதால் வேலை நிற்கிறது. மேசையில் வைத்து விசைப்பலகையையும் சுட்டியையும் தனியாக இணைத்து வேலை செய்கிற என்னைப் போன்றவர்களுக்கு இந்த எல்லையால் ஒரு பயனும் இல்லை.

என் அலுவலகத்தில் சிப்காட் தொழிற்சாலைக் கொட்டகைகளுக்கு இரும்புச் சட்டக வடிவமைப்பு செய்கிறோம். வாடிக்கையாளர் வந்தால் முப்பரிமாண மாதிரியைத் திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டும். இரண்டு மடிக்கணினிகள் வாங்கினோம், ஒன்று மெல்லியது, ஒன்று தடித்தது. திரையில் படங்களை வரைந்து காட்டுவது கிராபிக்ஸ் அட்டை. பெட்டியில் இரண்டிலும் ஒரே கிராபிக்ஸ் அட்டையின் பெயர். மெல்லியதற்கு இருபதாயிரம் ரூபாய் அதிகம் கொடுத்தோம். ஆனால் அதே கொட்டகை மாதிரி தடித்ததில் வழுக்கிக்கொண்டு திரும்பியது, மெல்லியதில் திக்கித் திக்கி நின்றது. விற்றவரிடம் கேட்டபோது மென்பொருள் கோளாறு என்றார். ஒரு மாதம் அதையே நம்பி, அழித்து நிறுவி, அழித்து நிறுவி நேரத்தை வீணடித்தோம்.

உண்மையான காரணம் வாட், அதாவது அட்டைக்குக் கொடுக்கும் மின்சக்தியின் அளவு. மடிக்கணினிக் கிராபிக்ஸ் அட்டைகளுக்கு ஒரே பெயருக்குள் பல மின் அளவுகள் உண்டு. எடுத்துக்காட்டாக, என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 மடிக்கணினி வகையை 60 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவில் வேண்டுமானாலும் ஓடும்படி கணினி தயாரிப்பவர் அமைத்துக்கொள்ளலாம். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம், பெட்டியின் மேல் ஒரே பெயர். செயலியிலும் இதே கதைதான். முதல் அரை நிமிடம், ஒரு நிமிடம் வரை அதிக வாட்டில் ஓடவிட்டு, பிறகு நிலையான அளவுக்கு இறக்கிவிடுவார்கள். கடையில் நாம் பார்ப்பது அந்த முதல் நிமிடத்தை. நாம் கூலி வாங்குவது அதற்குப் பிறகு வரும் மணிக்கணக்கான நேரத்துக்கு. இதனால்தான் 2020இல் வந்த, செயலியின் வேகத்தை அளந்து மதிப்பெண் தரும் சினிபெஞ்ச் ஆர்23 என்ற சோதனை மென்பொருள் பத்து நிமிடம் விடாமல் ஓடும்படி வைக்கப்பட்டது. கடைக்காரரிடம் அந்தப் பத்து நிமிடத்தைக் கேட்டு வாங்குங்கள். மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள்.

ஆம்பூர், காலணி வடிவமைப்பாளர்

மற்றவர்கள் எழுதியதோடு நான் முழுவதும் உடன்படவில்லை. வாரத்தில் இரண்டு நாள் காலை ரயிலில் சென்னைக்குப் போய், வாங்குவோருக்கு மாதிரிகளைக் காட்டிவிட்டு இரவு திரும்புகிறேன். ஒரு தோளில் காலணி மாதிரிகள் இருக்கும் பை, மறு தோளில் கணினி. முன்பு வைத்திருந்தது சார்ஜரோடு சேர்ந்து மூன்றரைக் கிலோ, அதனால் எனக்குத் தோள்பட்டை வலி வந்து மருத்துவம் பார்த்தேன். எடை குறைந்தது எனக்குப் பெரிய விடுதலை. ஆனால் எடையைக் குறைப்பது வேறு, தடிமனைக் குறைப்பது வேறு என்று இப்போது தோன்றுகிறது. இன்னும் மூன்று மில்லிமீட்டர் தடித்திருந்தால் என் தோளுக்குத் தெரிந்திருக்காது.

என் குறை, வேலை நடக்கும்போது கணினி தகவல்களை வைத்துக்கொள்ளும் நினைவகமான ரேம் பற்றியது. வாங்கும்போது 8 ஜிபி போதும் என்றார்கள். இரண்டாம் ஆண்டில் முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளின் புதிய பதிப்பு வந்ததும், ஒரு காலணியின் மேல்பாகத்தைத் தட்டையாக விரிக்கும் ஒவ்வொரு முறையும் திரை உறைந்துபோகிறது. ரேம் கூட்டித் தரும்படி கேட்டேன், மதர்போர்டிலேயே பற்றவைத்துவிட்டார்கள், முடியாது என்றார்கள். நன்றாக ஓடுகிற ஒரு கணினியை இதற்காகத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை. இதற்கு வழி இருக்கிறதா?

வேலூர், மடிக்கணினி பழுது பார்ப்பவர்

அம்மா, உங்கள் கணினிக்கு வழி இல்லை என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். பற்றவைத்த ரேமைச் சூடாக்கி எடுத்துப் பெரியதை வைத்துத் தருவதாகச் சிலர் சொல்வார்கள், அதில் மதர்போர்டு போய்விடும் அபாயம் பெரிது. வாங்கும் நாளிலேயே அதிக ரேமாகப் பார்த்து வாங்குவதுதான் இன்றைக்குள்ள ஒரே பாதுகாப்பு. மெல்லிய வடிவத்துக்கென்று எல்பிகேம்2 என்ற கழற்றி மாட்டும் ரேம் வகைக்கு 2023 இறுதியில் பொதுத் தரம் வெளிவந்தது, 2024இல் அது பொருத்திய கணினியும் சந்தைக்கு வந்தது. ஆக, மெல்லியதாக இருந்தால் பற்றவைத்தே ஆக வேண்டும் என்பது இனிச் செல்லாது. ஆனால் என் மேசைக்கு அப்படி ஒன்று இன்னும் வரவில்லை.

இராணிப்பேட்டைப் பொறியாளர் ஐயா வாட் பற்றிச் சொன்னது சரி. அதோடு தூசியையும் பாருங்கள். மெல்லிய கணினியில் வெப்பத் தகடுகளின் இடைவெளி சீப்புப் பற்களைப் போல நெருக்கமாக இருக்கும். தோல் தொழிற்சாலைகளிலிருந்து வருபவற்றைத் திறந்தால், மின்விசிறிக்கும் தகட்டுக்கும் நடுவில் கம்பளித் துண்டு போல ஒரு படலம் படிந்திருக்கும். இடுக்கியால் பிடித்து இழுத்தால் ஒரே துண்டாக வரும். அதை எடுத்து, செயலியின் சூட்டைத் தகட்டுக்குக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட்டை மாற்றிக் கொடுத்தாலே பத்துப் பன்னிரண்டு டிகிரி இறங்கியதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். தடித்த கணினியிலும் தூசி சேரும்தான், ஆனால் நான்கு திருகைக் கழற்றினால் மூடி வந்துவிடும். மெல்லியவற்றில் சிலவற்றுக்கு ரப்பர்க் காலைப் பிய்த்து, ஒட்டுப் பசையைச் சூடாக்கி, உள்ளே கொக்கி உடையாமல் நெம்ப வேண்டும். பேட்டரியையும் ஒட்டி வைத்திருப்பார்கள். சூட்டிலேயே கிடந்து அது உப்பினால் முதலில் டச்பேட் மேலே எழும்பும், கிளிக் செய்ய வராது. அப்படி எழும்பியதைக் கண்டால் அந்த நிமிடமே சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கொண்டுவாருங்கள். ஒரு நாளும் அதை அமுக்கிப் பார்க்காதீர்கள்.

வாங்குபவர்கள் கேட்பதால்தான் மெலிதாக்குகிறோம் என்று தயாரிப்பவர்கள் சொல்வதை நான் பாதிதான் ஏற்கிறேன். 2011இல் இன்டெல் அல்ட்ராபுக் என்ற வகையை அறிவித்தபோது 18 மில்லிமீட்டர், 21 மில்லிமீட்டர் என்று தடிமனுக்கே எல்லை வகுத்தது. அதற்குப் பின் எல்லோரும் அந்த ஓட்டத்தில் இறங்கினார்கள். 2016இல் ஆப்பிள் தன் மேக்புக் புரோவிலிருந்து எச்டிஎம்ஐயையும் மெமரி கார்டு துளையையும் எடுத்தது. தொழில்முறைக்காரர்கள் ஐந்து ஆண்டுகள் குறைபட்டுக்கொண்ட பிறகு, 2021இல் இரண்டையும் திரும்பக் கொண்டுவந்தது. 2016இன் 15 அங்குலக் கணினி 15.5 மில்லிமீட்டர், 1.83 கிலோ. 2021இன் 16 அங்குலம் 16.8 மில்லிமீட்டர், 2.1 கிலோ. கனமும் தடிமனும் கூடியும் மக்கள் அதை வரவேற்றார்கள். தொழில் செய்பவர் உண்மையில் எதைக் கேட்கிறார் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சான்று தெரியவில்லை.

சத்துவாச்சாரி, திருமணக் காணொலித் தொகுப்பாளர்

எழுதிய எல்லோருக்கும் நன்றி. பத்து நிமிடச் சோதனையைப் பற்றிப் படித்ததும், விற்க வைத்திருந்த என் மெல்லிய கணினியிலேயே அதை ஓட்டிப் பார்த்தேன். முதல் சுற்றில் வந்த மதிப்பெண்ணில் ஏழாவது நிமிடத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் மிஞ்சியது. மாடி அறையில் அப்போது 36 டிகிரி.

ஆனியில் ஒரு தடித்த கணினி வாங்கினேன். சார்ஜர் இல்லாமலே இரண்டரைக் கிலோ, சார்ஜரே ஒரு செங்கல் அளவு இருக்கிறது. மெமரி கார்டு துளையும் எச்டிஎம்ஐயும் அதிலேயே இருக்கின்றன. ரேம் 16 ஜிபியோடு வாங்கி, அடுத்த வாரமே இன்னொரு 16 ஜிபியை நானே மாட்டினேன். குடியாத்தத்தில் ஒரு திருமணத்துக்கு முதன்முதலாகக் கொண்டுபோனேன். மின்விசிறிச் சத்தம் பக்கத்து அறைவரை கேட்டது, உடன் வந்த பையன் தூக்கம் வராமல் வெளியே போய்ப் படுத்துக்கொண்டான். எக்ஸ்போர்ட் ஒன்பது நிமிடத்தில் முடிந்தது. நாதஸ்வரக்காரர்கள் வருவதற்கு முன்பே படத்தை எல்இடி திரைக்காரரிடம் கொடுத்துவிட்டேன்.

பழுது பார்க்கும் அண்ணாவுக்கு ஒரு வேண்டுகோள். பழைய கணினியில் டச்பேடின் இடது ஓரம் இலேசாக மேடிட்டது போல் தெரிகிறது. நீங்கள் சொன்னபடி சார்ஜரைக் கழற்றி வைத்துவிட்டேன். நாளைக் காலை கடை திறந்ததும் கொண்டு வருகிறேன்.