மறு: கேஃபேப், ஹீல், பே-பர்-வியூ: வியாழனுக்குள் தமிழ் வேண்டும்

செ. எழுதியது:

சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம். தொழில்முறை மல்யுத்தம் பற்றிய ஆவணப்படம் ஒன்றுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வியாழன் மாலை கொடுத்தாக வேண்டும். வரிக்கு 42 எழுத்து, அதற்கு மேல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 1997 நவம்பர் 9 அன்று மாண்ட்ரியலில் நடந்த 'சர்வைவர் சீரிஸ்' பகுதிதான் என்னைப் படுத்துகிறது. பே-பர்-வியூ (ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும் காசு கட்டி வீட்டில் பார்ப்பது), ஸ்டோரிலைன் (தொடர்ந்து ஓடும் கதை), ஹீல் (கூட்டத்திடம் ஏச்சு வாங்கும் கெட்டவர் வேடம்), கேஃபேப் ஆகிய நான்குக்கும் சொல் வேண்டும்.

இதைப் பார்த்துப் பழகாதவர்களுக்காகச் சுருக்கமாக: இந்த மல்யுத்தத்தில் யார் ஜெயிப்பது என்பது முன்பே பேசி முடிவானது. விழுவதும் அடிபடுவதும் சொந்த உடம்பில்தான், முடிவு மட்டும் எழுதி வைத்தது. அதை வெளியே காட்டிக்கொள்ளாமல், கூடத்துக்கு வெளியிலும் பகையைப் பகையாகவே, நட்பை நட்பாகவே நடத்திக்காட்டும் தொழில் ஒழுக்கத்துக்குப் பெயர் கேஃபேப்.

அன்று பிரெட் ஹார்ட்தான் டபிள்யூ.டபிள்யூ.எஃப். (இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ.) நிறுவனத்தின் சாம்பியன். போட்டி நிறுவனமான டபிள்யூ.சி.டபிள்யூ.வுக்குப் போக ஒப்பந்தமாகிவிட்டது. சொந்த நாடான கனடாவில் எதிராளி ஷான் மைக்கேல்ஸிடம் தோற்க அவருக்கு மனமில்லை. வெளியாட்கள் உள்ளே புகுந்து ஆட்டம் குழம்பி முடியும் என்று பேச்சு. ஆனால் ஹார்ட்டின் சொந்தப் பிடியான 'ஷார்ப்ஷூட்டரை' மைக்கேல்ஸ் அவருக்கே போட்டபோது, அவர் விட்டுக்கொடுக்காமலேயே உரிமையாளர் வின்ஸ் மெக்மேன் மணியடிக்கச் சொல்லிவிட்டார், ஹார்ட் தோற்றதாக ஆகிவிட்டது. ஹார்ட் மெக்மேன் முகத்தில் துப்பினார். பிறகு விரலால் காற்றில் 'டபிள்யூ.சி.டபிள்யூ.' என்று எழுதிக்காட்டினார்.

எது கதை, எது நிஜம் என்று தெரிந்தால்தான் இந்தக் காட்சி புரியும். அதற்குச் சொல் இல்லாமல் எப்படி எழுதுவது?

இரா. எழுதியது:

தம்பி செ., சொல் நம்மிடம் இரண்டாயிரம் ஆண்டாக இருக்கிறது. 'நாடக வழக்கினும் உலகியல் வழக்கினும்' என்று அகத்திணையியலில் தொல்காப்பியர் பிரித்து வைத்திருக்கிறார். சுவையாக வருவனவற்றையெல்லாம் ஓரிடத்தில் நடந்ததாகத் தொகுத்துச் சொல்வது நாடக வழக்கு, உலகத்தார் நடப்போடு ஒத்துவருவது உலகியல் வழக்கு என்பது இளம்பூரணர் உரை. நீங்கள் சொல்லும் நிகழ்ச்சி அதுவேதான். மாதக்கணக்கில் வளர்த்த பகை, துரோகம், பழிவாங்கல் எல்லாவற்றையும் ஓர் இரவில், ஒரு கூடத்தில் தொகுத்துத் தருகிறார்கள். ஆகவே கேஃபேப் என்பது நாடக வழக்கு. ஹார்ட் துப்பியது உலகியல் வழக்கு.

மல்லும் நமக்குப் புதிதல்ல. புறநானூற்று 80ஆம் பாட்டில் சாத்தந்தையார் ஆமூர் மல்லனைச் சோழன் பெருநற்கிள்ளி வென்றதைப் பாடுகிறார். ஒரு கால் மார்பில், ஒரு கால் முதுகில் என்று பிடியைக் கண்முன் நிறுத்துகிறார். 'மல்லல் வளனே' என்பது தொல்காப்பிய உரியியல். மல் என்ற வேரிலிருந்து மல்லல், மல்லன், மாமல்லன் என்று வளர்ந்த குடும்பம் இது. மல்யுத்தக் களத்தைப் பேச்சில் சொல்கிறோமே 'கோதா', அதுவும் தமிழ்தான் என்பது என் துணிபு. பறவை இறகைக் கோதுகிறது, மல்லர் களத்து மண்ணைக் கோதிக் கிளறி மெத்தென்று ஆக்குகிறார்கள். கோதிய இடம் கோதா.

கு. எழுதியது:

இரா. ஐயா, கோதா தெலுங்கிலும் உண்டு, அதைத் தனி இழையில் பேசலாம். இப்போது செ.வுக்கு நேரமில்லை.

'வழக்கு' என்று சப்டைட்டிலில் போட்டால் பார்ப்பவர் நீதிமன்றம் என்றுதான் நினைப்பார். அதுவும் ஒப்பந்தம், ஏமாற்று என்று பேசும் கதையில்! திரையில் மூன்று வினாடி நிற்கிற வரிக்கு இளம்பூரணரைத் துணைக்கு அழைக்க முடியாது.

எனக்குத் தெரிந்த தமிழ்ப் பார்வையாளர்கள் மல்யுத்த வீரர் படம் போட்ட டிரம்ப் கார்டு வைத்து அண்டர்டேக்கர் என்ற வீரரின் உயரமும் எடையும் ஒப்பித்தவர்கள். ஹீலை அவர்கள் 'வில்லன்' என்றுதான் சொன்னார்கள், இன்றும் அப்படித்தான். அதையே போடுங்கள். நாயகன் எதிர்நாயகன் எல்லாம் பாடப்புத்தக வாடை.

பே-பர்-வியூவில்தான் கவனம் வேண்டும். 'கட்டணக் காட்சி' என்று நம் பட்டியலில் இருக்கிறது, அது தவறு. மெக்மேன் நிறுவனம் 1985 மார்ச் 31 அன்று நடத்திய முதல் ரெஸில்மேனியா நிகழ்ச்சியைப் பெரும்பாலோர் அரங்குகளில் சீட்டு வாங்கி, மூடிய சுற்று ஒளிபரப்பில் (அந்த அரங்குத் திரைகளுக்கு மட்டும் போகும் ஒளிபரப்பு) பார்த்தார்கள். அதுவும் கட்டணக் காட்சிதானே? பே-பர்-வியூ என்றால் வீட்டுத் தொலைக்காட்சியில், அந்த ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும் தனியாகக் காசு கட்டுவது. சந்தாவுக்கு நேர் எதிர். 2014இல் மாதம் 9.99 டாலருக்கு எல்லாவற்றையும் இணையத்தில் தர ஆரம்பித்தார்கள். இப்போது அந்த நிறுவனமே பழைய பெயரை விட்டுவிட்டு 'பிரீமியம் லைவ் ஈவன்ட்' என்கிறது. ஆனால் செ.வின் காட்சி 1997. அதனால் 'தனிக்கட்டண ஒளிபரப்பு'.

ம. எழுதியது:

கோதா எனக்குத் தெரிந்தவரை மைசூர், ஐதராபாத் பக்கத்து அக்காடா என்னும் மல்யுத்தப் பயிற்சிக்கூடங்களோடு வந்த சொல் மாதிரித்தான் படுகிறது. ஐயாவின் 'கோதுதல்' அழகு, ஆனால் சான்று வேண்டும். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கேஃபேப் கார்னிவல் கூடாரக்காரர்களின் குழூஉக்குறியாகப் புழங்கிய சொல். 'பி ஃபேக்' என்பதை எழுத்து மாற்றிப் போட்டது என்று பலர் சொல்வார்கள், வேர் உறுதிப்படவில்லை. எப்படியானாலும் ஊர் ஊராகப் போய் ஆடுகிறவர்களின் சொல். நம்மிடம் அதே வாழ்க்கை கூத்துக்காரர்களுடையது. வேடம் கட்டுதல், வேடம் கலைத்தல் இரண்டும் புழக்கத்தில் இருக்கிற சொற்கள். ஆகவே கேஃபேப் 'வேடக்காப்பு'. அதை உடைப்பது 'வேடம் கலைத்தல்'.

ஒரு காட்சியில் பொருத்திப் பார்க்கிறேன். 1996 மே 19, மேடிசன் ஸ்கொயர் கார்டன். ஆட்டம் முடிந்ததும் மைக்கேல்ஸ், ஸ்காட் ஹால், கெவின் நாஷ், டிரிபிள் எச் நால்வரும் கூண்டு வளையத்துக்கு நடுவில் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கதைப்படி இரண்டு பேர் நல்லவர், இரண்டு பேர் வில்லன். ஹாலும் நாஷும் நிறுவனத்தை விட்டுப் போகிறார்கள், பிரியாவிடை அது. 'ரசிகர் முன் வேடம் கலைத்தார்கள்' என்று எழுதினால் யாருக்காவது புரியாமல் போகுமா? தண்டனை டிரிபிள் எச்சுக்குத்தான் விழுந்தது. அவருக்கு வைத்திருந்த 'கிங் ஆஃப் தி ரிங்' பட்டம் ஸ்டீவ் ஆஸ்டினுக்குப் போயிற்று.

'வில்லன்' பற்றி ஒரு தயக்கம். அந்த 1997இல் ஹார்ட் அமெரிக்காவில் வில்லன், கனடாவில் நாயகன். அதே ஆள், அதே பேச்சு. ஹீல் என்பது குணமல்ல, கூட்டத்திடம் ஏச்சு வாங்கும் பொறுப்பு. 'எதிர்வேடம்' என்றால் அது தெரியும்.

ஹீல் டர்னையும் (நல்லவர் வில்லனாவது) தனியாகப் பாருங்கள். 1996 ஜூலை 7 அன்று டேடோனா பீச்சில் நல்லவர் ஹல்க் ஹோகன், வில்லன்களான ஸ்காட் ஹால், நாஷ் பக்கம் சேர்ந்தது பக்கம் மாறுதல். 2000 மே மாதம் அண்டர்டேக்கர் பிணக்குழிக்காரர் கோலத்தை விட்டு மோட்டார் சைக்கிளில் வந்தது வேடமாற்றம். இரண்டையும் 'மாற்றம்' என்று குழப்ப வேண்டாம்.

கு. எழுதியது:

'அமெரிக்காவில் வில்லன், கனடாவில் நாயகன்.' அக்கா, நீங்களே எழுதிய வரி இது, எவ்வளவு தெளிவாக இருக்கிறது! 'எதிர்வேடம்' என்றால் எதிரில் நின்று மோதுகிறவர் என்றுதான் படும். மற்றபடி வேடக்காப்புக்கு என் வாக்கு.

இரா. எழுதியது:

ஒரு கேள்வி. மாண்ட்ரியலுக்குப் பிறகு என்ன நடந்தது? அதுவரை பார்வையாளருக்குப் பெரும்பாலும் வர்ணனையாளராகத் தெரிந்த மெக்மேன், அந்த வெறுப்பையே மூலதனமாக்கிக் கொடுங்கோல் முதலாளியாகக் கதைக்குள் வந்தார். 'பிரெட்டைக் கெடுத்தது பிரெட்தான்' என்று தொலைக்காட்சியில் சொன்னார். பிறகு ஆஸ்டினோடு அவருக்கு நடந்த பகை ஆண்டுக்கணக்கில் ஓடியது. நிஜம் கதைக்கு உரமாயிற்று. இரண்டு வழக்கும் கலந்ததைத் தொல்காப்பியர் 'புலனெறி வழக்கம்' என்கிறார். இந்த மூன்றாம் நிலையை உங்கள் வேடக்காப்பு எப்படிச் சொல்லும்?

செ. எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இன்று புதன் இரவு, முடித்துவிட்டேன். பே-பர்-வியூ: தனிக்கட்டண ஒளிபரப்பு. ஸ்டோரிலைன்: கதைச்சரடு. சிலர் எழுதும் 'கதைக்களம்' கதை நடக்கும் இடத்தைக் குறிப்பது, அதனால் ஒதுக்கினேன். ஹீல்: வில்லன். ஹீல் டர்ன்: பக்கம் மாறுதல். கேஃபேப்: முதலில் வரும் இடத்தில் 'கேஃபேப் எனும் வேடக்காப்பு', அடுத்து வேடக்காப்பு மட்டும்.

இரா. ஐயா, உங்கள் மூன்றாம் நிலைக்கு எனக்குச் சொல் கிடைக்கவில்லை. அந்த இடத்தில் 'நிஜச் சண்டையே கதையானது' என்று விரித்து எழுதிவிட்டேன். 42 எழுத்துக்குள் அடங்கிவிட்டது.

இரா. எழுதியது:

பெரும்பான்மை முடிவு, தடுக்கவில்லை. மாறுபாட்டை மட்டும் நம் சொற்பட்டியலில் பதிந்துவிடுங்கள். ஹார்ட் காற்றில் எழுதியபோது அவர் வேடம் எதுவும் கலையவில்லை. அதே உடை, அதே பெயர், பார்த்த கூட்டமும் அதேதான். அவர் பெயரே அவர் வேடம். அவர் செய்கையை எந்தக் கணக்கில் எடுத்துக்கொள்வது என்பதுதான் அந்த ஒரு நொடியில் மாறியது. அதற்கு வழக்கு என்ற சொல்லை விட்டால் வேறு இல்லை. பாடநூல் பதிப்பு வரும்போது இதை மறுபடி எடுப்பேன். கோதாவுக்கு நாளை தனி இழை தொடங்குகிறேன். ம., அக்காடாச் சான்றுகளை எடுத்து வையுங்கள்.