நிக்ரோம் கம்பி: 38 வாட்டா, 30 வாட்டா?

நிக்ரோம் (நிக்கல்-குரோமியம் கலவை) கம்பியைச் சூடாக்கித் தெர்மோகோல் வெட்டும் கருவி ஒன்று செய்கிறேன். கம்பியின் மின்தடை கணக்கிலேயே போன வாரத்திலிருந்து மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

12 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டர். கம்பி சூடாக ஓடும்போதும் அடாப்டர் முனையில் 12.0 வோல்ட் குறையாமல் இருக்கிறது. மின்னோட்டம் 3.2 ஆம்பியர். வகுத்தால் 3.75 ஓம், பெருக்கினால் 38.4 வாட். ஆனால் கம்பியைக் கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தால் 3.1 ஓம்தான். புரோப் இரண்டையும் ஒன்றோடொன்று தொடவிட்டால் காட்டும் 0.2-ஐக் கழித்தால் 2.9.

சூட்டில் மின்தடை கூடும், சரி. நிக்ரோமில் அது சில சதவீதம்தானே? பல்பு இழை மாதிரி பல மடங்கு ஏறாது.

வேறு அடாப்டர் போட்டுப் பார்த்தேன், மீட்டருக்குப் புது பேட்டரி மாற்றினேன், கம்பி நுனிகளை உப்புத்தாளால் தேய்த்தேன். அதே எண்கள். ஒன்று மட்டும் உறுத்துகிறது: அடாப்டரைக் கம்பியோடு இணைக்கும் மெல்லிய அலிகேட்டர் கிளிப் வயர்கள் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கின்றன. கம்பியின் நுனிகள் கைப்பிடிக்குள் இருப்பதால், ஓடும்போது அங்கே புரோப் எட்டவில்லை.

3.2-இன் வர்க்கத்தை 2.9-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 30 வாட். உண்மையில் கம்பிக்குள் போவது 38 வாட்டா, 30 வாட்டா?