பிளாக்பூல் மாதிரி பீச் ஊர்கள்ல ஷோ எல்லாம் ஏன் குறைஞ்சுது?

அலைமேடை:
பிரிட்டன் கடற்கரை ஊர்கள்ல ஒரு காலத்துல கோடை முழுக்க பாட்டு, காமெடி, சர்க்கஸ்னு களைகட்டுமாமே. டிவி வந்துதான் எல்லாம் போச்சுங்கிறாங்க, அது மட்டும்தானா? மணல்லயே ஆடுன பியரோ குரூப் பத்தியும் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழையகொட்டகை:
பியரோன்னா லூசான வெள்ளை டிரஸ், கருப்பு பாம்பாம் (நூல் பந்து), கூம்பு தொப்பி. பிரெஞ்சு ஊமை நாடக வேஷம் அது, 1891ல கிளிஃபோர்ட் எசெக்ஸ்ங்கிறவர் எடுத்து இங்கிலாந்துல பரப்பினார். அதுக்கு முன்னாடி வெள்ளைக்காரங்க மூஞ்சில கரி பூசிக்கிட்டு கருப்பின மக்களை கேலி பண்ற மின்ஸ்ட்ரல் ஷோதான் பீச்ல ஓடிட்டு இருந்துச்சு, அந்த அசிங்கத்த பியரோ கொஞ்சம் கொஞ்சமா ஓரங்கட்டுச்சு. ஸ்கார்பரோல வில் கேட்லின் குரூப் ரொம்ப ஃபேமஸ். மணல்ல டிக்கெட் எப்படி போடுறது, பாட்டுக்கு நடுவுல ஒருத்தர் டப்பாவ தூக்கிட்டு கூட்டத்துக்குள்ள போகணும், டப்பா கிட்ட வர்றப்பவே பாதிப் பேர் நழுவிடுவாங்க, மழை வந்தா அன்னைக்கு வருமானமே இல்ல. இவ்ளோ கஷ்டத்துலயும் சிரிக்க வச்சாங்க பாருங்க, அவங்கள நினைச்சா எனக்கு பெரிய மரியாதை. அப்புறம் நிறைய பேர் கூரை இருக்கிற இடமா பார்த்து போயிட்டாங்க.

நூற்பாலை:
டிவி மேல மொத்த பழியும் போடாதீங்க. வட இங்கிலாந்துல லங்காஷயர் பக்கத்து பருத்தி மில் ஊர்கள்ல வேக்ஸ் வீக்னு ஒண்ணு உண்டு, ஒவ்வொரு ஊரும் முறை வச்சு மில்லெல்லாம் இழுத்து மூடிட்டு ஊரே ரயிலேறி பிளாக்பூலுக்கு வந்துரும். வாராவாரம் புது ஆடியன்ஸ், அதனால ஒரே ஷோவ, ஒரே ஜோக்க சீசன் முழுக்க ஓட்டலாம். தொழிலோட அஸ்திவாரமே அதான். டிவில பார்த்த முகத்த நேர்ல பார்க்கவும் கூட்டம் வந்துச்சு. அரச குடும்பத்துக்கு முன்னாடி நடக்கிற ராயல் வெரைட்டி ஷோ முதல்தடவையா லண்டன விட்டு வெளிய வந்தது 1955ல, பிளாக்பூல் ஆபரா ஹவுஸுக்குத்தான். 1963 கோடைல பீட்டில்ஸே மார்கேட், வெஸ்டன், லாண்டட்னோன்னு ஒவ்வொரு ஊர்லயும் ஒரு வாரம் வாசிச்சாங்க. அப்புறம் மில்லுங்க மூட ஆரம்பிச்சது, ஸ்பெயினுக்கு பிளைட்டோட சேர்த்து சீப்பா பேக்கேஜ் டூர் வந்துச்சு, வெயிலும் கியாரண்டி. ஜனமே வேற கடலுக்கு போனப்புறம் யாருக்கு ஆடுறது?

வட்டரங்கு:
முழுசா போகல நண்பா. குரோமர்ல கடலுக்குள்ள நீட்டி கட்டின பியர் (pier) மேல இருக்கிற தியேட்டர்ல இன்னும் கோடை ஷோ நடக்குது, கீழ கடல், மேல கச்சேரி. கிரேட் யார்மவுத்ல 1903ல கட்டுன ஹிப்போட்ரோம் சர்க்கஸ்ல ரிங் தரை அப்படியே கீழ இறங்கி தண்ணி நிரம்பிடும், அதுலயே நீச்சல் ஷோ. போனா இத விட்றாதீங்க.