ஈஸ்ட் செல் பத்து நிமிடத்தில் கைநழுவிவிடுகிறது: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

நண்பர்களே, கண்ணாடிச் சில்லின் மேல் தங்க மின்முனைகள் பதித்து, ஒற்றை ஈஸ்ட் செல்லை மின்புலத்தால் பிடித்து நிறுத்த இரண்டு மாதமாக முயன்று வருகிறேன். 1951இல் ஹெர்பர்ட் போல் பெயரிட்ட அதே டைஎலக்ட்ரோபோரசிஸ் (சீரற்ற மின்புலத்தால் நுண்துகள்களை நகர்த்துவது) முறைதான். மின்முனைகளின் இடைவெளி 20 மைக்ரான். கொடுக்கும் மாறுமின்னழுத்தம் 1 மெகாஹெர்ட்ஸ், உச்சத்திலிருந்து உச்சம் 10 வோல்ட். திரவம், 8.5 சதவீத சுக்ரோஸ், 0.3 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் கரைசல்.

தொடக்கம் கண்கொள்ளாக் காட்சி. மிதந்து வரும் செல் சட்டென்று திரும்பி மின்முனை விளிம்பில் ஒட்டிக்கொள்கிறது. பத்து நிமிடம் கழித்துப் பிடி தளர்கிறது. சில செல்கள் விளிம்பை விட்டு விலகி, புலம் குறைந்த நடுப்பகுதிக்கே போய்விடுகின்றன. மின்னழுத்தத்தை அளந்தேன், குறையவில்லை.

என் சந்தேகம் உப்பின் மேல்தான். செல்களிலிருந்து அயனிகள் கசிந்து திரவத்தின் மின்கடத்துதிறன் ஏறினால், ஈர்ப்பு விலக்கமாக மாறும் அல்லவா? இறந்த செல்களும் இப்படி நடக்கும் என்பதால் மெத்திலீன் நீலம் இட்டுப் பார்த்தேன். விலகியவற்றில் பெரும்பாலானவை நிறமேறவில்லை, உயிரோடுதான் இருக்கின்றன.

செல்களை எத்தனை முறை கழுவுகிறீர்கள்? புதுக் கரைசலை மெதுவாக ஓடவிட்டுக்கொண்டே இருந்தால் சரியாகுமா, அல்லது அந்த ஓட்டமே செல்லை இழுத்துக்கொண்டு போய்விடுமா?

இன்னொன்று: செல்கள் முத்துக் கோத்ததுபோல் வரிசையாக ஒட்டிக்கொள்கின்றன. எனக்கு ஒரே ஒரு செல்தான் வேண்டும். செல்களின் செறிவைக் குறைப்பதைத் தவிர வேறு வழி உண்டா? செய்து பார்த்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.