மண் பாதையில் வேகமெடுத்தால் ஹேண்டில்பார் நடுங்குகிறது. ராலி நெருங்கிவிட்டது, உதவி தேவை

புழுதிப்பயணி

அனைவருக்கும் வணக்கம். முதல்முறையாக ஓர் அமெச்சூர் ஆஃப்-ரோடு ராலிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். ராலிக்கு வேண்டிய மாற்றங்களை எல்லாம் பைக்கில் செய்து முடித்துப் பயிற்சிக்கு எடுத்துச் சென்றால், வேகம் 70-ஐத் தாண்டியதும் ஹேண்டில்பார் இடமும் வலமுமாக நடுங்கத் தொடங்குகிறது. இறுக்கிப் பிடித்தால் இன்னும் மோசமாகிறது. சிறிது நேரத்திலேயே முன்கைகள் கல்லாக இறுகி, விரல்கள் மரத்துப்போகின்றன. ஹேண்டிலின் ஆட்டத்தை அடக்கும் ஸ்டீயரிங் டேம்பர் பொருத்தினால் சரியாகிவிடும் என்று உடன் வந்தவர் சொல்கிறார். எந்த வகை டேம்பர் வாங்கலாம்? விரைவில் பதில் கிடைத்தால் நன்றாக இருக்கும்.

செயின்லூப்

டேம்பருக்கு முன் சில விவரங்களைச் சொல்லுங்கள். என்ன பைக், எவ்வளவு எடை, உங்கள் எடை எவ்வளவு, டயரில் காற்று எவ்வளவு, டியூப் இருக்கிறதா? எல்லாவற்றுக்கும் மேலாக, "வேண்டிய மாற்றங்களை எல்லாம்" என்று ஒரே சொற்றொடரில் கடந்துபோய்விட்டீர்களே, அவை என்னென்ன? மாற்றங்களுக்கு முன் இல்லாத நடுக்கம் இப்போது வருகிறது என்றால் காரணம் அந்தப் பட்டியலுக்குள்தான் இருக்கும்.

குறைந்தகாற்று

இது சந்தேகமே இல்லாமல் டயர் அழுத்தம்தான். சாலைக்கு வைக்கும் அழுத்தத்தோடு மண்ணில் இறங்கினால் டயர் ஒவ்வொரு கல்லிலும் எகிறும், கட்டைகள் மண்ணைக் கவ்வாது, அந்த அதிர்ச்சி முழுவதும் கைக்கு வரும். இரண்டையும் 12 பிஎஸ்ஐக்கு இறக்கிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

செயின்லூப்

டியூப் இருக்கிறதா, டயரின் விளிம்பை ரிம்மோடு அழுத்திப் பிடிக்கும் ரிம் லாக் இருக்கிறதா என்று தெரியாமல் 12 என்று சொல்ல வேண்டாம். ரிம் லாக் இல்லாத சக்கரத்தில் அவ்வளவு குறைத்தால், பிரேக் பிடிக்கும்போதும் முறுக்கும்போதும் டயர் ரிம்மின் மேல் நகரும். டியூபும் கூடவே நகர்ந்து வால்வை வேரோடு கிழித்துவிடும். கற்கள் நிறைந்த பாதையாக இருந்தால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி டியூபில் இரட்டைத் துளை விழும்.

பழையகியர்

தம்பி, பைக்கைப் பிறகு பார்க்கலாம், முதலில் ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள். 1978 டிசம்பர் 26 அன்று பாரிசிலிருந்து தக்காரை நோக்கி முதல் ராலி புறப்பட்டது; அதில் மோட்டார் சைக்கிள் பிரிவில் வென்ற சிரில் நெவோ ஓட்டியது பின்புறம் இரட்டை ஷாக் அப்சார்பர் கொண்ட யமஹா எக்ஸ்டி 500. அந்த வண்டியில் சகாராவைக் கடந்தார்கள். இன்றைக்கு எல்லாம் இருந்தும், ஹேண்டில் கொஞ்சம் ஆடினால் உடனே எதை வாங்கலாம் என்று கேட்கிறீர்கள். கையை இறுக்காமல் பிடித்தால் பாதிப் பிரச்சினை போய்விடும். இதை நான் இங்கே பலமுறை எழுதியிருக்கிறேன், தேடிப் படிக்கும் பழக்கம்தான் யாருக்கும் இல்லை.

மணல்வரி

ஐயா, கையை இறுக்கக் கூடாது என்பது சரிதான். ஆனால் நெவோ வென்ற கதையால் இவருடைய ஸ்டீயரிங் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. முன்சக்கரம் தரையைத் தொடாதபடி பைக்கைத் தூக்கி நிறுத்திவிட்டு, ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். "டக்" என்று ஓர் ஆட்டம் தெரிந்தால் பேரிங் தளர்ந்திருக்கிறது. பிறகு ஒரு விரலால் ஹேண்டிலை மெதுவாகத் திருப்ப வேண்டும். நேர்நிலைக்கு வரும்போது ஏதோ பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால் பேரிங் தடம் தேய்ந்துவிட்டது, அதை முறுக்கிச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

புழுதிப்பயணி

பதில்களுக்கு நன்றி. ஒற்றைச் சிலிண்டர், 400 சிசி, எடை சுமார் 160 கிலோ. முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 18, இரண்டிலும் டியூப், பின்னால் மட்டும் ரிம் லாக். புதிய கட்டை டயர்கள். காற்று முன்னால் 28, பின்னால் 32. என் எடை 62 கிலோ. ஹேண்டிலை உயர்த்தியிருக்கிறேன், அடித்தகடு போட்டிருக்கிறேன், வழிக்குறிப்புச் சுருளை வைக்கும் ரோடுபுக் பெட்டியையும் தூரத்தைக் காட்டும் ட்ரிப் மீட்டரையும் ஹேண்டில்பாரின் நடுவில் பொருத்தியிருக்கிறேன். கருவிகள், உதிரி டியூப்கள், தண்ணீர் எல்லாம் பின்னால் வால்பகுதிப் பையில் இருக்கின்றன; அந்தச் சுமைக்காகப் பின் ஸ்பிரிங்கை முழுவதும் முறுக்கிவிட்டேன். கால் எட்டாததால் ஃபோர்க் குழாய்களைக் கிளாம்பில் சற்று மேலே ஏற்றியிருக்கிறேன். பேரிங்கில் ஆட்டம் இல்லை, திருப்பும்போதும் தடங்கல் இல்லை.

செயின்லூப்

கடைசி நான்கு வரிகளை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் எல்லாருக்கும் வேலை மிச்சமாகியிருக்கும்.

ஸ்பிரிங்கணக்கு

இப்போது படம் தெளிவாகிறது. ஃபோர்க் குழாய்களைக் கிளாம்பில் மேலே ஏற்றினால் பைக்கின் முன்பக்கம் இறங்குகிறது; பின் ஸ்பிரிங்கை முழுவதும் முறுக்கினால் பின்பக்கம் உயர்கிறது. இரண்டும் ஒரே திசையில்தான் வேலை செய்கின்றன: ஸ்டீயரிங் கோணம் செங்குத்தாகி, ட்ரெயில் குறைகிறது. ட்ரெயில் என்பது ஸ்டீயரிங் அச்சின் கோடு தரையைத் தொடும் புள்ளிக்கும் முன்சக்கரம் தரையைத் தொடும் புள்ளிக்கும் இடையிலுள்ள தூரம். சக்கரத்தைத் தானாக நேராக்கும் விசை ட்ரெயிலிலிருந்துதான் வருகிறது என்பதால், அது குறைந்த பைக் வளைவுகளில் சுறுசுறுப்பாகத் திரும்பினாலும் நேர்ப்பாதையில் வேகமெடுக்கும்போது நிலைகொள்ளாது. அதற்கு மேல் ரோடுபுக் பெட்டியையும் மீட்டரையும் ஹேண்டில்பாரிலேயே ஏற்றியிருக்கிறீர்கள். அவ்வளவு எடையும் ஹேண்டிலோடு சேர்ந்து திரும்புகிறது, ஒருமுறை ஆடத் தொடங்கினால் அந்த நிறை ஆட்டத்தை எளிதில் அடங்க விடாது. ராலிக்கென்றே கட்டப்படும் பைக்குகளில் இந்தக் கருவிகளைத் தாங்கும் கோபுரம் ஃபிரேமின் தலைப்பகுதியில் பொருத்தப்படுவதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

டேம்பரை மறந்துவிட்டு ஓர் அளவுநாடாவை எடுங்கள். பின்சக்கரம் தொங்கும்படி பைக்கைத் தூக்கி, அச்சிலிருந்து நேர் மேலே வால்தகட்டில் ஒரு புள்ளி வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பைக்கைத் தரையில் நிறுத்தி, யாரும் ஏறாமல் அதே தூரத்தை அளக்க வேண்டும். மூன்றாவது அளவு, ராலியில் அணியப்போகும் பூட்ஸ், கவசம், தண்ணீர்ப்பை அனைத்தோடும் நீங்கள் பைக்கில் இருக்கும்போது எடுக்க வேண்டியது. ஒருவர் பைக்கைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அளக்கட்டும். முதல் அளவுக்கும் மூன்றாவது அளவுக்கும் உள்ள வித்தியாசம் சஸ்பென்ஷனின் மொத்தப் பயணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக இருக்க வேண்டும். உங்கள் பைக்கின் பின்பயணம் எத்தனை மி.மீ. என்பதைக் கையேட்டில் பார்த்துச் சொல்லுங்கள். முதலுக்கும் இரண்டாவதுக்கும் உள்ள வித்தியாசத்தையும் எழுதுங்கள். ஸ்பிரிங் உங்கள் எடைக்குப் பொருந்துகிறதா என்பது அதில்தான் தெரியும்.

மணல்வரி

வால்பகுதிப் பையைப் பற்றியும் ஒரு சொல். பின் அச்சுக்குப் பின்னால் தொங்கும் ஒவ்வொரு கிலோவும் முன்சக்கரத்தின் மேலுள்ள எடையைக் குறைக்கிறது. ஸ்பேனர்கள், டயர் நெம்பிகள் போன்ற கனமானவற்றை அடித்தகட்டின் முன்பக்கப் பெட்டியிலோ டேங்கின் பக்கவாட்டிலோ வைக்கலாம். தண்ணீர் முதுகில் இருக்கட்டும். அது பையில் இருந்தால் நின்றால்தான் குடிப்பீர்கள். தோளருகே குழாய் இருந்தால் ஓடும்போதே ஒரு மிடறு குடித்துக்கொண்டே போகலாம்.

மூஸ்ஆதரவாளர்

எல்லாரும் டியூபோடு போராடிக்கொண்டிருக்கிறீர்கள். டியூபுக்குப் பதிலாக டயருக்குள் மூஸ் என்ற நுரை வளையத்தைப் போட்டுவிட்டால் காற்றழுத்தம் என்ற பேச்சே இல்லை, பஞ்சரும் இல்லை. தக்கார் ராலியில் முன்னணியில் ஓடுபவர்கள் டியூபோடு போகிறார்களா என்ன? உதிரி டியூப், பம்ப், ஒட்டுப்பசை என்று இரண்டு கிலோவைச் சுமக்கவும் வேண்டாம்.

குறைந்தகாற்று

அவர்களுக்கு இரவோடு இரவாகப் புது டயரும் புது மூஸும் மாற்றித்தர ஆள் இருக்கிறது. தார்ச்சாலையில் நீண்ட நேரம் ஒரே வேகத்தில் ஓடினால் மூஸ் உள்ளேயே சூடாகிச் சிதையத் தொடங்கும். அமெச்சூர் ராலியில் பந்தயக் கட்டங்களுக்கு நடுவே பொதுச்சாலையில் கடக்க வேண்டிய இணைப்புத் தூரம் வரும். அதை யார் கணக்கில் எடுப்பது?

மூஸ்ஆதரவாளர்

ஜெல்லைத் தாராளமாகப் பூசி, சரியான அளவு மூஸைப் போட்டு, இணைப்புச் சாலையில் நிதானமாகப் போனால் சிதையாது. சிதைந்தவர்கள் பெரும்பாலும் உலர்ந்த மூஸைப் பழைய டயருக்குள் திணித்தவர்கள்தான்.

பழையகியர்

மூஸை டயருக்குள் ஏற்றுவதற்குள் இந்தத் தம்பிக்கு ராலியே முடிந்துவிடும். வழியில் டயரைக் கழற்றி டியூப் மாற்றத் தெரியாதவன் ராலிக்கு வரவே கூடாது.

குறைந்தகாற்று

இந்த ஒன்றில் பழையகியர் சொல்வதை ஏற்கிறேன். வீட்டில் நிழலில் உட்கார்ந்து, கையோடு எடுத்துச்செல்லப்போகும் அதே நெம்பிகளால் மட்டும் இரு சக்கரங்களையும் கழற்றிப் பழகுங்கள். அச்சு நட்டுக்கு எந்த அளவு ஸ்பேனர், அது பையில் இருக்கிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும்.

மூஸ்ஆதரவாளர்

தெரிந்திருப்பது வேறு, தேவைப்படாமல் இருப்பது வேறு. நான் சொல்வது இரண்டாவதைப் பற்றி.

செயின்லூப்

மூஸ் விவாதத்தை இத்துடன் நிறுத்திக்கொண்டால் இழை தொடங்கியவருக்குப் பயன்படும். புழுதிப்பயணி, இப்போதைக்கு டியூபோடு இருங்கள். உங்கள் பைக்கின் எடைக்குக் கல்லும் மண்ணும் கலந்த பாதையில் 20 பிஎஸ்ஐ அளவில் தொடங்கி, ரிம்மில் அடிபடுகிறதா என்று பார்த்து ஒன்றிரண்டு கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம். முன்சக்கரத்துக்கும் ஒரு ரிம் லாக் போட்டுவிடுங்கள். வால்வின் அடிநட்டை ரிம்மோடு சேர்த்து இறுக்காமல் மேலேற்றி, வால்வு மூடியோடு சேர்த்து முடுக்கி வையுங்கள். அப்போது டயர் நகர்ந்தால் வால்வு சாய்ந்து நிற்பது கண்ணுக்குத் தெரியும், கிழிவதற்குள் சரிசெய்துவிடலாம்.

நின்றோட்டி

கை மரத்துப்போவதைப் பற்றி யாரும் முழுமையாகப் பேசவில்லை. நடுங்கும் ஹேண்டிலை இறுக்கிப் பிடிப்பதால் கை இறுகுகிறது. இறுகிய கை நம் உடலின் அசைவை எல்லாம் ஹேண்டிலுக்குள் செலுத்தி நடுக்கத்தைக் கூட்டுகிறது. இந்தச் சுழலைக் காலால்தான் அறுக்க முடியும். கால்தாங்கியில் பாதத்தின் நடுப்பகுதி படும்படி எழுந்து நின்று, முழங்கால்களால் டேங்கைக் கவ்வி, இடுப்பைச் சற்றுப் பின்தள்ளி, ஹேண்டிலிலிருந்து விரல்களைத் தளர்த்திப் பாருங்கள். சமதளத்தில் இரு கைகளையும் நொடிப்பொழுது எடுத்தாலும் விழாமல் நிற்க முடிய வேண்டும். நிற்பதற்கு ஹேண்டிலை இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்றால் தொடையிலும் இடுப்பிலும் வலு போதவில்லை என்று பொருள். இருக்கிற நாள்களில் ஸ்குவாட், பிளாங்க், சைக்கிள் ஓட்டம் இவற்றோடு நின்றபடியே நீண்ட நேரம் ஓட்டும் பயிற்சியும் சேர்ந்தால் போதும், கைப்பயிற்சிக் கருவி எதையும் வாங்க வேண்டாம்.

பிரேக், கிளட்ச் லீவர்களையும் பாருங்கள். அவை உட்கார்ந்து ஓட்டும் கோணத்திலேயே இருந்தால், நிற்கும்போது மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கும். முன்கை எரிவதற்கு அதுவே போதும். நின்ற நிலையில் முன்கை, மணிக்கட்டு, விரல் மூன்றும் ஒரே கோட்டில் வரும்வரை லீவரைக் கீழ்நோக்கித் திருப்புங்கள். அதன் கிளாம்பை முழுவதும் இறுக்காமல், கையால் பலமாகத் தள்ளினால் சுழலும் அளவுக்கு வைத்தால் விழும்போது லீவர் உடையாமல் தப்பும். மணல் வந்தால் பயத்தில் ஆக்சிலரேட்டரை மூடாதீர்கள். மூடியவுடன் எடை முன்சக்கரத்துக்குப் போய் அது மணலில் புதையும்.

புழுதிப்பயணி

அளந்துவிட்டேன். பின்பயணம் 220 மி.மீ. தொங்கும்போது 612, தனியாக நிற்கும்போது 608, நான் எல்லாவற்றோடும் ஏறியபோது 577.

ஸ்பிரிங்கணக்கு

மொத்தத் தாழ்வு 35 மி.மீ. உங்கள் பைக்குக்கு அது 70-ஐ ஒட்டி இருந்திருக்க வேண்டும். பைக் தானாக நிற்கும்போது 4 மி.மீ. மட்டுமே இறங்குகிறது என்றால், சக்கரம் பள்ளத்தில் விழும்போது கீழே நீளுவதற்கு இடமே இல்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் அது தரையை விட்டுவிடுகிறது. முறுக்கியதைத் தளர்த்தி 65-க்கும் 70-க்கும் இடையில் கொண்டுவாருங்கள். அப்போது பைக் தனியாக இறங்கும் அளவு 20 முதல் 30-க்குள் வந்தால் ஸ்பிரிங் பொருத்தமானது; அதைவிட மிகக் குறைவாகவே நின்றால் ஸ்பிரிங் மென்மை, மிக அதிகமானால் கடினம். ஃபோர்க் குழாய்களையும் நிறுவனம் வைத்த உயரத்துக்கே இறக்கிவிடுங்கள். பின்பக்கம் தாழ்வதால் இருக்கையின் உயரமும் குறையும், கால் எட்டாத குறை ஓரளவு அதிலேயே தீரும்.

புழுதிப்பயணி

பின் ஸ்பிரிங்கைத் தளர்த்தி 68 வைத்தேன், தனியாக 24 வருகிறது. ஃபோர்க்கையும் இறக்கி, காற்றை 20 ஆக்கினேன். 90 வரை நடுக்கம் இல்லை. ரோடுபுக் பெட்டி இன்னும் ஹேண்டிலில்தான் இருக்கிறது, அதற்குத் தாங்கி செய்யக் கொடுத்திருக்கிறேன். கை இன்னும் வலிக்கிறது, ஆனால் மரத்துப்போகவில்லை. அனைவருக்கும் நன்றி.

பழையகியர்

கையை இறுக்காதே என்று முதலிலேயே சொன்னேன்.

மணல்வரி

புழுதிப்பயணி, புறப்படும் முன் இரண்டு வேலைகள் பாக்கி. எண்ணெய் தடவிய உதிரி ஏர் ஃபில்டர் ஒன்றைக் காற்றுப்புகாத பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மாற்றும்போது ஃபில்டருக்கு உட்புறமுள்ள குழாயை விரலால் துடைத்துப் பாருங்கள், விரலில் புழுதி ஒட்டினால் ஃபில்டரின் விளிம்பு சரியாக அமரவில்லை, அங்கே கிரீஸ் பூச வேண்டும். அடுத்து, புதிய டயரின் சுற்றளவு பழையதைப்போல இருக்காது என்பதால் ட்ரிப் மீட்டரை அளவு தெரிந்த ஒரு தூரத்தில் ஓட்டித் திருத்திக்கொள்ளுங்கள். ரோடுபுக்கில் ஒரு திருப்பத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சில நூறு மீட்டர்தான் இருக்கும். மீட்டர் நூற்றுக்கு இரண்டு பிழையாக ஓடினால் 50 கிலோமீட்டர் போவதற்குள் ஒரு கிலோமீட்டர் தள்ளிப்போய் வேறு ஒற்றையடிப் பாதையில் திரும்பியிருப்பீர்கள். மீட்டரின் உணரி முன்சக்கரத்தில் இருக்கிறதா, பின்சக்கரத்திலா?