அமெரிக்காவுல, அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸ் பக்கம் வீடு வாங்குறோம், பின்பக்கம் பெரிய தண்ணி டேங்க் இருக்கு. அவசரம்!

புதுசா வந்தவ:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க வந்து நாலு மாசம் ஆகுது. அவருக்கு சாண்ட்லர்ல வேலை. ஊருக்குள்ள விலை கட்டுப்படியாகல, ரொம்பத் தள்ளி ஒரு வீடு பார்த்து அட்வான்ஸும் கொடுத்தாச்சு. இன்னிக்கு மறுபடி போனப்பதான் கவனிச்சேன், பின்சுவர் ஓரமா ஆள் உயரத்துக்கு டேங்க். பக்கத்து வீட்டுலயும் இருக்கு. தெருவுல தண்ணி லாரி வேற போச்சு. மடிப்பாக்கத்துல வளர்ந்தவ நான், லாரியைப் பார்த்ததும் வயித்தைக் கலக்கிருச்சு. அடுத்த வெள்ளிக்கிழமை க்ளோசிங், வீடு எங்க பேருக்கு மாறுற நாள். வாங்கலாமா, வேண்டாமா?

மெசாவாசி:
தண்ணியை விடுங்கம்மா, முதல்ல ஏசி எத்தனை வருஷப் பழசுன்னு பாருங்க. 2023 கோடையில தொடர்ந்து 31 நாள் 110 ஃபாரன்ஹீட்டுக்கு (43 செல்சியஸ்) குறையாம அடிச்சுது. நாங்க வந்த முதல் ஜூலையில பச்சைத்தண்ணிக் குழாயைத் திறந்தாலே சுடும். பாப்பாவுக்குக் கை சிவந்துபோச்சு. ராத்திரியே வாளியில பிடிச்சு ஹால்ல வெச்சு, காலையில ஊத்தி விடுவோம். அந்த ரெண்டு மாசம் என் மனைவி அழாத நாளில்ல.

கில்பர்ட் கோவைக்காரன்:
பயப்படாதீங்க. இங்க 1980லயே நிலத்தடி நீருக்குச் சட்டம் போட்டுட்டாங்க. 100 வருஷத்துக்குத் தண்ணி இருக்குன்னு காட்டினாத்தான் புது லேஅவுட்டுக்கே அனுமதி. கொலராடோ ஆத்துல இருந்து 336 மைல் கால்வாய் வேற வருதுங்க. தைரியமா வாங்குங்க.

வடக்கு ஃபீனிக்ஸ்:
அண்ணா, தப்பான தைரியம் கொடுக்காதீங்க. ஆறு மனையோ அதுக்கு மேலயோ பிரிச்சாதான் அந்த 100 வருஷக் கணக்கு. அஞ்சுக்குள்ள பிரிச்சு வித்தா யாரும் கேட்க மாட்டாங்க. ஸ்காட்ஸ்டேல் பக்கத்துல இருக்கிற ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ் அப்படி வளர்ந்த இடம்தான். 2023 ஜனவரி 1ல இருந்து ஸ்காட்ஸ்டேல் நகராட்சி அங்க போற லாரிகளுக்குத் தண்ணியை நிறுத்திருச்சு. ஏறக்குறைய 500 வீடு. பேப்பர் தட்டுல சாப்பிட்டு, மழைத்தண்ணியை டாய்லெட்டுக்கு ஊத்தினாங்க. அந்தக் கால்வாயிலயும் 2022ல அரிசோனா பங்குல 5,12,000 ஏக்கர் அடி குறைச்சாங்க (ஒரு ஏக்கர்ல ஒரு அடி உயரம் நிக்கிற தண்ணிதான் ஒரு ஏக்கர் அடி). 2023 ஜூன்ல, நிலத்தடி நீரை மட்டும் நம்பி ஃபீனிக்ஸைச் சுத்திப் புது லேஅவுட்டுக்கு அனுமதி இல்லன்னு மாநில அரசே சொல்லிருச்சு.

மெசாவாசி:
ஆனா எங்க காலனிச் சங்கம், புல்லு காஞ்சுபோச்சுன்னு எனக்கு நோட்டீஸ் அனுப்புது! பாலைவனத்துல புல்லு!

டெம்பி மாணவன்:
வயல்ல அல்பால்ஃபான்னு மாட்டுத் தீவனப் பயிரைப் போட்டு, வெளிநாட்டு மாட்டுக்கு அனுப்புறாங்க. அதைக் கேட்க ஆளில்ல, நம்ம குளியலைத்தான் குறைக்கச் சொல்றாங்க. மனசு ஆறல அண்ணா.

வடக்கு ஃபீனிக்ஸ்:
வயலைக் குத்தம் சொன்னா முடியாது தம்பி. வீடுகளும் தெற்கும் மேற்கும் ஓடிக்கிட்டேதான் இருக்கு.

சாண்ட்லர் அக்கா:
பாவம், அந்தப் பொண்ணு நாளை எண்ணிட்டு இருக்கா. தங்கச்சி, வீடு நகராட்சி எல்லைக்குள்ளயா, வெளியயா? போரா, லாரித் தண்ணியா? இதைச் சொல்லாம யாராலயும் பதில் சொல்ல முடியாது. போர்னா 55ன்னு தொடங்குற பதிவு எண் இருக்கும், மாநில நீர்வளத் துறை இணையதளத்துல ஆழத்தைப் பார்க்கலாம். லாரித் தண்ணின்னா, ஓட்டுறவர் எந்த ஊருல நிரப்புறார்னு கேளுங்க, அதுதான் முக்கியம். 5,000 காலன் டேங்க்னு வெச்சுக்கோங்க, நாலு பேர் வீட்டுக்கு நாளைக்கு 300 காலன் போனா 16 நாள் வரும். போன வருஷ லாரி ரசீதையும் விக்கிறவர்கிட்ட வாங்கிடுங்க. எல்லைக்கு வெளியே, அஞ்சு மனைக்குள்ள பிரிச்ச இடம்னா, அஃபிடவிட் ஆஃப் டிஸ்க்ளோஷர்னு, இடத்தோட விவரத்தைச் சொல்ற உறுதிமொழிப் பத்திரம் ஒண்ணை விக்கிறவர் கொடுத்தே ஆகணும். தண்ணி எங்க இருந்து வருதுன்னு அதுல இருக்கும். அது கைக்கு வந்ததுல இருந்து அஞ்சு நாளைக்குள்ள விலகிக்க உங்களுக்கு உரிமை உண்டு.

புதுசா வந்தவ:
அக்கா, இப்பதான் மெயிலைத் தேடிப் பார்த்தேன். அந்தப் பேரோட ஒரு பேப்பர் முந்தாநாள் வந்திருக்கு, திறக்கவே இல்ல. தண்ணி: லாரி. கவுண்டி நிலம்னும் போட்டிருக்கு, அதாவது நகராட்சி எல்லைக்கு வெளியே.

சாண்ட்லர் அக்கா:
அப்ப இன்னும் நாள் இருக்கு. லாரி நிரப்புற இடத்தை நாளைக்குக் காலையிலேயே கேட்டுடுங்க. பதில் வரலைன்னா, சாயங்காலத்துக்குள்ள விலகுறோம்னு ஏஜெண்டுக்கு எழுத்துல அனுப்புங்க. போன்ல சொன்னா போதாது. அந்த மெயில் வந்த தேதியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க.